ஐந்தாவது போத்தல்

அஸ்காவின் கையளவைப் பற்றி வெள்ளவத்தையில் ஒரு பேச்சு உண்டு. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீட்டில், ஒரு ஓவனையும் ஒரு தராசையும் வைத்துக்கொண்டு பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பவள் அவள். மா இருநூற்றைம்பது கிராம் என்றால் இருநூற்றைம்பதுதான். இரண்டு கிராம் கூடிவிட்டால் அதைக் கரண்டி நுனியால் எடுத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவளின் முதல் குழந்தை, எட்டு மாதம்கூட நிறையாமல், ஆயிரத்து நானூற்று இருபது கிராமில் பிறந்தது. அவள் வழக்கமாகச் செய்யும் கேக்கின் எடைகூட இல்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. ஒரு வியாழக்கிழமை காலை அஸ்காவுக்குத் தலையிடி என்று தொடங்கியது. பகலுக்குள் பிரஷர் எகிறி, கண் மங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கையோடு வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பிள்ளை நான்காம் மாடியில் பேபி யூனிட்டுக்குப் போனது. தாய் இரண்டாம் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். மகளா மகனா என்பதே அவளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெளிவாக மண்டையில் ஏறியது.

மூன்றாம் நாள் காலை சக்கர நாற்காலியில் வைத்து மேலே கொண்டுபோனார்கள். கணவன் நப்ரீஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவன் அவன், பரம சாது. கண்ணாடிக் கதவு திறந்தது. வரிசையாக நாலைந்து இன்கியுபேட்டர்கள். கடைசிப் பெட்டியின் பக்கத்தில், பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு, பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அது றஸ்மியா. அஸ்காவின் கூடப்பிறந்த ராத்தா, அதாவது அக்கா.

"வா வா, ஒன்ட மகளப் பாரு," என்றாள் றஸ்மியா, முகமெல்லாம் சிரிப்பாக. "வலது காதுக்குப் பின்னால மச்சம் ஒண்டு ஈக்குது. குடிச்சு முடிஞ்ச உடனே விக்கல் எடுப்பா. நெத்திய இப்பிடித் தடவினா நிக்கும்."

கேட்டீர்களா? பெற்றவளுக்குப் பிள்ளையை அறிமுகம் செய்துவைக்கிறாள்! அஸ்காவுக்கு அழுகை வந்தது. எல்லாரும் அது சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அவளுக்கு வயிறு எரிந்தது. தையல் போட்ட வலிக்கும் அதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். மச்சத்தை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும், விக்கலை நான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று உள்ளே கொதித்தது. முதல் முறை ஒரு பிள்ளையைப் பெற்றும், அதை முதலில் தொட்டவள் ராத்தாதான்.

இந்த எரிச்சல் நேற்று இன்று வந்ததல்ல. கிராண்ட்பாஸில் ஒரே அறையில் வளர்ந்த இரண்டு பெண்கள். றஸ்மியா நான்கு வயது மூத்தவள். அவள் போட்டுக் கழித்த ஸ்கூல் கவுனைத்தான் அஸ்கா போட்டாள், அவள் ஓதி முடித்த கிதாபைத்தான் அஸ்கா ஓதினாள். அதெல்லாம் வீட்டுக்கு வீடு உள்ளதுதான், போகட்டும். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததை அஸ்காவால் தாங்க முடியவில்லை. றஸ்மியாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பிள்ளைகள், நான்கும் ஆண். ஒவ்வொரு முறை வயிற்றில் தங்கும்போதும் தங்கச்சியிடம் சொல்ல வருவாள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். பாவம், இவளுக்கு இன்னும் இல்லையே, மனசு நோகுமே என்று அப்படி. சத்தம் போட்டுச் சிரித்துச் சொல்லியிருந்தால்கூட அஸ்கா பொறுத்திருப்பாள். அந்தத் தாழ்ந்த குரலைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. நான்கு பிள்ளைகளுக்கும் பெயர் வைத்த அன்று நீல நிறத்தில் கேக் செய்து கொண்டுபோனவள் அவள்தான். கடைசி கேக் கொண்டுபோய்ப் பத்து வாரம் ஆகிறது. அப்போது அஸ்காவின் வயிற்றில் இந்தப் பிள்ளை இருந்தது. முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

சரி, றஸ்மியா பேபி யூனிட்டுக்குள் எப்படி வந்தாள்? அதுதான் விஷயமே.

பிறந்த மறுநாள் பிள்ளைக்கு டியூப் வழியாகப் பால்மா கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு ஊதிக் கல்லுப்போல ஆகிவிட்டது. தாய்ப்பால்தான் வேண்டும் என்றார் டொக்டர். தாயோ நினைவில்லாமல் கிடக்கிறாள். நப்ரீஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது றஸ்மியாதான், "என்ட பால் வேணுமெண்டா எடுங்க" என்றாள். அவளுடைய இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து, நப்ரீஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சரி என்றார்கள். தினமும் காலையில் கிராண்ட்பாஸிலிருந்து த்ரீவீலில் வருவாள். பம்ப் வைத்து ஒரே தடவையில் ஒரு போத்தல் நிறைய எடுத்துக் கொடுப்பாள். அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து மில்லியாகப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். ஒரு போத்தல் ஒரு நாளைக்குப் போதும். பிள்ளையின் வயிறு இளகி மெதுவாகியது. நிறம் வந்தது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நப்ரீஸ் மார்க்கத்தில் கவனமான ஆள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பள்ளிவாசல் மவ்லவிக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறான். அஸ்கா பிள்ளையைப் பார்த்த அன்று மாலை அவளுடைய கட்டிலருகே உட்கார்ந்து அதை அவளிடம் சொன்னான்.

"குடுக்கிறதுல ஒண்டும் இல்லயாம். நல்ல காரியமாம். ஆனா தனித்தனியா அஞ்சு தடவ ஆனா, பால் குடுத்தவ அந்தப் புள்ளைக்கு உம்மாவாம். அவட புள்ளைகள் எல்லாம் கூடப்பிறந்த மாதிரியாம். கலியாணம் முடிக்க ஏலா."

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுக்கிறாங்களே! அப்ப அஞ்சு எப்பவோ முடிஞ்சிருக்குமே?" அஸ்கா எழுந்து உட்கார்ந்தே விட்டாள்.

"அதயும் நான் கேட்ட. ஒரே தரம் எடுத்த பால எத்தன தடவயாக் குடுத்தாலும் ஒண்டுதானாம். ஒரு போத்தல் ஒரு கணக்கு. இப்ப ரெண்டு போத்தல் முடிஞ்சிருக்கு." நப்ரீஸ் சிரித்தான். "அஞ்சானா என்ன? எங்கட மகளுக்கு நாலு நானாமார் கிடைக்கும். மிச்சம் நல்லம்தானே?"

மிச்சம் நல்லமாம், ரொம்ப நல்லதாம்! ஆண்களுக்கு எங்கே இதெல்லாம் விளங்கப்போகிறது? நாலு நானாமாரோடு, அதாவது அண்ணன்மாரோடு, இன்னொரு உம்மாவும் வருகிறாளே, அது அவன் மண்டையில் ஏறவில்லை. ஆறு வருஷம் அழுது தொழுது கேட்டு வாங்கிய ஒரே ஒரு பிள்ளை. அதிலும் ராத்தா பங்குக்கு வருவதா? பெண் பிள்ளை இல்லை என்று ஏங்கிக் கிடப்பவள் அவள். நான்காவதும் ஆண் என்றதும் இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை என்று அவள் புருஷன் பஸீரே சொல்லியிருக்கிறான். இப்போது ஒரு வலியும் படாமல், ஐந்து போத்தலில் ஒரு மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளே!

நாலோடு நிறுத்திவிட வேண்டும் என்று அஸ்கா அன்றே முடிவு செய்தாள். ஐந்தாவது போத்தல் நிரம்புவதற்குள் தனக்குப் பால் வந்துவிட வேண்டும்.

பால் வருவது அவள் சொல்கேட்டு நடக்கிற காரியமா? தாய்மாருக்கென்று யூனிட்டின் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பம்ப் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் அடியில் ஒரு மஞ்சள் பூச்சு. அவ்வளவுதான். மூன்றாம் நாள் இரண்டு மில்லி. நான்காம் நாள் ஒரு தடவைக்கு நாலு மில்லி. வனிலா எசன்ஸ் ஊற்றும் தேக்கரண்டியே ஐந்து மில்லி பிடிக்கும், அதைக்கூட நிரப்பவில்லை. பக்கத்துக் கதிரையில் றஸ்மியா உட்கார்ந்தால் சர் சர்ரென்று சத்தம் கேட்கும். பதினைந்து நிமிஷத்தில் போத்தல் கழுத்துவரை வந்துவிடும். "அவசரப்படாத அஸ்கா, வரும். எனக்கும் மூத்தவனுக்கு இப்பிடித்தான்," என்பாள் றஸ்மியா. சொல்லும்போது அதே தாழ்ந்த குரல். அஸ்காவுக்குக் கையில் இருந்த போத்தலைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது.

பிள்ளைக்குப் பால் கொடுக்கும் விதமும் அவளை வாட்டியது. மூக்கு வழியாகப் போட்ட மெல்லிய டியூபின் நுனியில் ஊசியில்லாத சிரிஞ்சைச் செருகி, அதில் பாலை ஊற்றித் தூக்கிப் பிடிக்க வேண்டும். உயர்த்தினால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் நின்றுவிடும். தாய்மார் பிடிக்கலாம் என்று உஷாந்தி மிஸ் சொல்லியிருந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை அவள். பேபி யூனிட்டின் தாதிகளில் தமிழ் கதைப்பவள் அவள் ஒருத்திதான். அஸ்கா முதல் தடவை பிடித்தபோது கை நடுங்கிப் பால் தளும்பியது. றஸ்மியா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிலைப்படுத்தினாள். உள்ளே இறங்குவது யாருடைய பால், பிடித்திருப்பது யாருடைய கை? அஸ்கா சிரிஞ்சைத் தாதியிடம் கொடுத்துவிட்டு, தையல் வலிக்கிறது என்று வெளியே போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலை நான்காவது போத்தல் நிறைந்தது. றஸ்மியா மூடியைத் திருகிப் பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டினாள். ஒட்டிவிட்டு அதை ஒரு கணம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிலையைப் பார்த்ததும் அஸ்காவுக்கு விஷயம் விளங்கிப்போனது. இவளும் எண்ணுகிறாள்! இவளுக்கும் கணக்குத் தெரியும்!

அவ்வளவுதான். மனசுக்குள் கிடந்த பேய் நாக்குக்கு வந்துவிட்டது.

"ராத்தா, நாளைக்கு நீங்க வரத் தேவல்ல," என்றாள். "டொக்டர் சொன்ன, என்ட பால் இப்ப போதுமாம்."

றஸ்மியா திரும்பிப் பார்த்தாள். அஸ்காவின் மடியில் இருந்த போத்தலை ஒரு பார்வை பார்த்தாள். அதில் நாலு மில்லிதான் இருந்தது. பிறகு, "அப்பிடியா? அல்ஹம்துலில்லாஹ்," என்று மட்டும் சொன்னாள். தன் பையை எடுத்துக்கொண்டு, பெட்டியின் அருகே போய்ப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் தேவைப்படும் அல்லவா? உஷாந்தி மிஸ்ஸிடம் போய், "ராத்தாவுக்கு உடம்பு சரியில்ல, நாளைக்கு வரமாட்டா," என்று சொல்லி வைத்தாள். நப்ரீஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்கக் கஞ்சி குடித்தாள், வெந்தயம் தின்றாள், பால் சுறா என்று யாரோ சொன்னார்களென்று அதையும் சொதியாக வைத்துக் கொண்டுவரச் சொல்லித் தின்றாள். விடிந்தால் தன் பால் பொங்கிவிடும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை.

விடிந்தது. ஐந்து மில்லி.

நான்காவது போத்தலின் கடைசிப் பத்து மில்லி காலை எட்டு மணிக்குத் தீர்ந்தது. பத்து மணிக்கு அஸ்காவின் ஐந்து மில்லியைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மீண்டும் ஐந்து. உஷாந்தி மிஸ் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"உங்கட அக்காட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்கோவன். காய்ச்சல் எண்டால் பரவாயில்லை, டொக்டரிட்ட கேட்டுப் பாப்பம். பிள்ளைக்கு இது காணாது."

"அவக்கு எழும்பவே ஏலாது மிஸ்," என்றாள் அஸ்கா. இன்னும் ஒரு பகல் தாண்டினால் போதும், பால் வந்துவிடும் என்று பிடிவாதம்.

இரண்டு மணிக்கு டொக்டர் வந்தார். எடை முப்பது கிராம் குறைந்திருந்தது. முப்பது கிராம் என்றால் எவ்வளவு என்று அஸ்காவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேறு வழியில்லை, பால்மாவையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். கொடுத்தார்கள். நாலு மணிக்கு டியூபைத் திறந்து பார்த்தபோது கொடுத்த பால் அப்படியே திரும்பி வந்தது. வயிறு மறுபடி இறுகிக் கல்லாகிக் கிடந்தது. பிள்ளை அழவும் இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

பாலை நிறுத்திவிட்டு மறுபடி சேலைன் ஏற்ற வேண்டும் என்றார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலிலும் கிடைக்கவில்லை. கடைசியில் உஷாந்தி மிஸ் ஒரு சின்ன பிளேட்டை எடுத்து, பிள்ளையின் நெற்றிக்கு மேலே, காசளவு இடத்தில் முடியை வழித்தாள். அந்த இடத்தில் ஊசியைப் போட்டார்கள்.

அஸ்கா பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே போகச் சொன்னார்கள், அவள் போகவில்லை. என்ட எரிச்சலுக்கு இவட தலையில ஊசி! இது ஒன்றுதான் அவளுக்குள் ஓடியது. ராத்தா தாயாகிவிடுவாள் என்று பயந்தாளே, பெற்ற தாய் இப்போது என்ன செய்துவிட்டாள்? பசிக்கு வாய் திறந்த பிள்ளையைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்த்தாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"வயிறு இறங்கினா ஆறு, ஏழு மணிபோலத் தாய்ப்பால் தொடங்கலாம்," என்றார் டொக்டர். "கொஞ்சமாவது இருக்கோணும்."

அஸ்கா வெளியே வந்து றஸ்மியாவுக்குப் போன் எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை பிழையான இலக்கத்தை அழுத்தினாள். மூன்றாம் தடவை மணி அடித்தது. முதல் மணியிலேயே ராத்தா எடுத்துவிட்டாள்.

"ராத்தா, எங்க ஈக்குறீங்க? உடனே வர ஏலுமா? இவள்..."

"கீழதான் ஈக்குற," என்றாள் றஸ்மியா.

தையலைக் கையால் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினாள் அஸ்கா. கீழ் மாடியில் மருந்து வாங்கும் இடத்துக்கு எதிரே, பிளாஸ்டிக் கதிரை வரிசையின் கடைசியில், மடியில் ஐஸ் பெட்டியொன்றை வைத்துக்கொண்டு றஸ்மியா உட்கார்ந்திருந்தாள். அஸ்கா அவளைத் தேடுவதைப் பார்த்த வாசல் காவலாளி தானாகவே சிங்களத்தில், "அர நோனா உதேத் ஆவா, தென் ஆயெத் ஆவா," என்று கையைக் காட்டினான். காலையும் வந்தாளாம், இப்போது மறுபடியும் வந்திருக்கிறாளாம்.

"காலைல வந்தீங்களா?" அஸ்கா அவள் முன்னால் நின்றாள். "வந்துட்டு மேல வராம போனீங்களா?"

"நீ வேணாண்டு சொன்ன."

"நான் பொய் சொன்ன, ராத்தா! டொக்டர் அப்பிடி ஒண்டும் சொல்லல்ல!"

"அது எனக்குத் தெரியாதா? நாலு புள்ள பெத்தவ நான். நாலு மில்லி வாறவளுக்கு ஒரே நாள்ல எப்பிடிப் போதும்?" றஸ்மியாவின் குரல் இன்று தாழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "காலைல எடுத்துக்கிட்டு வந்த. லிஃப்ட் வரைக்கும் போன. போக ஏலாமப் போச்சு. வீட்ட போய் அதச் சின்னவனுக்குக் குடுத்திட்டு, மனசு கேக்காம திரும்ப எடுத்துக்கிட்டு வந்த."

"ஏன்? மேல வந்து என்ன ஏசியிருக்கலாமே!"

"வந்தா அஞ்சு." றஸ்மியா பெட்டியை இறுக்கிப் பிடித்தாள். "நான் நல்லவ என்டு நினைக்காத அஸ்கா. முதல் போத்தல்ல இருந்து எண்ணிக்கிட்டுத்தான் ஈக்குற. நாலு பெத்தும் எனக்கு ஒரு மகள் இல்ல. ஒனக்கு முதல் தடவயே மகள். அண்டைக்கு நேர்ஸ் மிஸ் பொம்பளப்புள்ள என்டு சொன்ன நேரம் எனக்கு எப்பிடி எரிஞ்சது தெரியுமா? நீ உசுருக்குப் போராடிக்கிட்டு கிடக்கிற, நான் இங்க நின்டு பொறாமப்படுற. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீ வேணாண்டு சொன்ன பொறகு நான் மேல ஏறினா, அது புள்ளைக்காக இல்ல, எனக்காக. அதான் ஏறல்ல. நீ கேட்டா மட்டும்தான் தாறது என்டு இங்க ஒக்காந்த."

அஸ்கா பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். ராத்தாவுக்குத் தன்மேல் பொறாமையா! முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள். கொஞ்சம் இனித்தது என்று சொன்னால் யாரும் அவளைத் தப்பாக நினைக்க வேண்டாம், மனுஷிதானே. ஆனால் அடுத்த நொடியே அந்த இனிப்பும் கெட்டுப்போனது. பொய் சொன்னவள் இவள், பிள்ளையைப் பட்டினி போட்டவள் இவள். கீழே பாலை வைத்துக்கொண்டு காவல் இருந்தவள் அவள். பொறாமைப்படுவதில்கூட ராத்தா தன்னைவிட ஒழுங்காகப் படுகிறாளே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

"சின்னவன் எங்க?" என்று கேட்டாள்.

"அவன்ட வாப்பாகிட்ட. பால்மா கரச்சுக் குடுத்து வச்சிட்டு வந்த. மனுசன் என்ன ஏசிக்கிட்டு ஈப்பான்."

தன் மகனுக்குப் பால்மாவைக் கொடுத்துவிட்டு, தங்கச்சி மகளுக்குப் பாலைக் கொண்டுவந்து கீழே காத்திருக்கிறாள். அஸ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எழும்புங்க. நான் கேக்குற. தாங்க."

"அஸ்கா, யோசிச்சுச் சொல்லு. குடுத்த பொறகு இல்லையென்டு சொல்ல ஏலாது. அவள் சாகுமட்டும் நான் அவட உம்மாதான்."

"தெரியும். வாங்க மேல."

நான்காம் மாடியில் உஷாந்தி மிஸ் றஸ்மியாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "அக்காவுக்கு சுகமில்லை எண்டீங்கள்?"

"இப்ப சுகம்," என்றாள் அஸ்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பிள்ளையின் வயிறு மெல்ல இறங்கும்வரை காத்திருந்தார்கள். ஆறே முக்காலுக்கு டொக்டர் தலையாட்டினார். முதலில் மூன்று மில்லி மட்டும். உஷாந்தி மிஸ் பாலை இளஞ்சூடாக்கிக் கொண்டுவந்து, சிரிஞ்சை டியூபில் செருகிவிட்டு, "ஆர் பிடிக்கிறது?" என்று இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

றஸ்மியா இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். கையிரண்டையும் கட்டிக்கொண்டாள். ஆசை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"நான்," என்றாள் அஸ்கா.

பிஸ்மில்லாஹ் சொல்லிச் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தாள். மூன்று மில்லி. நிறுத்த வேண்டுமானால் இன்னும் நேரம் இருக்கிறது, கையைத் தாழ்த்தினால் போதும், நாலோடு நின்றுவிடும். அவள் தாழ்த்தவில்லை. பால் டியூபில் மெதுவாக இறங்கி, பிள்ளையின் மூக்கருகே போய், உள்ளே மறைந்தது. கை நடுங்கவில்லை. கடைசிச் சொட்டும் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது. அது அணையும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

முக்கால் மணித்தியாலம் போனது. உஷாந்தி மிஸ் வந்து இரண்டு விரலால் பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். "மெதுவா இருக்கு," என்றாள். டியூபைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் திரும்பி வரவில்லை.

றஸ்மியா அப்போதுதான் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள்.

"அழுதது போதும், இங்க வாங்க," என்று அஸ்கா அவளைப் பெட்டியருகே இழுத்தாள். துவாரத்துக்குள் அவள் கையையும் தன் கையையும் சேர்த்து விட்டு, பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "மகள், இது ஒன்ட உம்மா. ஒனக்கு ரெண்டு உம்மா. ஆனா நல்லாக் கேட்டுக்க, மூத்த உம்மா நான்." பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "உங்களுக்கும்தான் சொல்ற. இவட விஷயத்துல நான்தான் மூத்தவ. நீங்க எனக்குப் பொறகுதான். வெளங்குதா?"

றஸ்மியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலையைக் குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரிப் பதில் சொன்னாள்.

"வெளங்குது, ராத்தா."